தலையை விட்டுக் கையைப் பாருங்கள்: லக்சரிலிருந்து அபிடோஸ், டெண்டெரா ஒரு நாள் பயணம்

வழிகாட்டிக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண். அவரை அனுப்பிவைத்த பயண நிறுவனத்துக்கு இரண்டு. அதிலும் ஒன்று வண்டியின் ஏ.சி.க்காகப் போட்டது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. லக்சரில் இதே பயணத்தை இதே அட்டவணையோடு விற்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவரை மட்டும் நிறுத்திவைத்துத் திட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை.

நான் பெண்கள் பள்ளியில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எகிப்தில் பிரமிடு பார்க்க வேண்டும் என்பது என் தங்கையின் ஆசை. எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. 'பழைய எகிப்தியர்களுக்கு முகத்தை நேராக வரையத் தெரியாது, அதனால்தான் எல்லாரையும் பக்கவாட்டில் வரைந்தார்கள்' என்று பல வருடம் வகுப்பில் வாய்கூசாமல் சொல்லியிருக்கிறேன். எங்கே படித்தேன் என்று நினைவில்லை. சொன்னது சரிதானா என்று சுவருக்கு முன்னால் நின்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதற்கு லக்சரின் பெரிய கோயிலான கர்னாக்கைவிட அபிடோஸ், டெண்டெரா என்ற இந்த இரண்டு கோயில்கள் உதவும் என்று விடுதியில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டி சொன்னார். கர்னாக்கில் கூட்டம், இங்கே கூரையும் இருக்கிறது, வண்ணமும் இருக்கிறது.

தலைக்கு 75 டாலர். வேன், ஓட்டுநர், வழிகாட்டி, மதிய உணவு எல்லாம் அதில் அடக்கம். நுழைவு டிக்கெட் தனி, அதை வாயிலில் வங்கி அட்டை கொடுத்து வாங்க வேண்டும். ரொக்கமாக நீட்டிய தங்கையிடம் கையை விரித்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் ஆறு நாற்பதுக்கு வந்தது. அந்த நாற்பது நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்கு வரும்.

லக்சரிலிருந்து அபிடோஸ் வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர். டெண்டெரா வழியிலேயே, கெனா நகரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. தொலைவில் இருப்பதை முதலில் முடித்துவிட்டுத் திரும்பும்போது டெண்டெரா என்பது ஏற்பாடு. ஜனவரி மாதம், கரும்பு வெட்டும் காலம். வாய்க்கால் ஓரமாகக் குறுகிய தண்டவாளத்தில் கரும்பு ஏற்றிய பெட்டிகள் நின்றன. கழுதை மேல் கரும்புச் சோகைக் குவியல் மட்டும் தெரிந்தது, கழுதை தெரியவில்லை.

வண்டியில் ஆளுக்கு ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். பருந்துத் தலை ஹோரஸ், நரித்தலை அனுபிஸ், அரிவாள்மூக்கன் தலை தோத், பெண்சிங்கத் தலை செக்மெத், முதலைத் தலை சோபெக் என்று வாய்ப்பாடு மாதிரி ஒரு அட்டவணை. தங்கை இரண்டு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிட்டாள். அபிடோஸ் வாசலில் இறங்கியதும் வழிகாட்டி சொன்ன முதல் வார்த்தை: "அந்தத் தாளைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அது அலுவலகம் கொடுப்பது. உள்ளே போனதும் தலையைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்."

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் நாலரை போட்டேன்.

அபிடோஸில் இருப்பது முதலாம் சேத்தி கட்டத் தொடங்கி அவர் மகன் இரண்டாம் ராமேசஸ் முடித்த கோயில். கி.மு. 13ஆம் நூற்றாண்டு. வெளி மண்டபத்தில் 24 தூண்கள், மகன் காலத்து வேலை. உருவங்களைச் சுவருக்குள் குழித்து வெட்டியிருக்கிறார்கள். அவசரம் தெரிகிறது. அதைத் தாண்டி 36 தூண்கள் உள்ள உள்மண்டபத்துக்குள் கால் வைத்ததும் கை மாறிவிடுகிறது. அப்பாவின் சிற்பிகள் உருவத்தைச் சுற்றியுள்ள கல்லை எல்லாம் சீவி எடுத்து, உருவத்தை ஒரு வெற்றிலைக் கனத்துக்குப் புடைத்து நிற்க வைத்திருக்கிறார்கள். நல்ல வெண்சுண்ணக்கல். மெல்லிய ஆடையின் மடிப்பு, அதற்குள்ளே முழங்காலின் மேடு, காதுமடலின் ஓரம், உதட்டோரத்தில் ஒரு சின்னப் பள்ளம். பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தேன். உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை 18 கட்டம். அதுதான் அவர்கள் நிற்கும் உருவத்துக்கு வைத்திருந்த கணக்கு. சுவரில் சிவப்பு நூலடித்துக் கட்டம் போட்டுக்கொண்டு வரைவார்கள். ஒரு கட்டம் ஒரு கைமுட்டி அகலம். எங்கள் பள்ளியில் இப்படிக் கட்டம் போட்டு வரைந்தால் 'காப்பி அடிக்கிறாயா?' என்று கேட்போம்.

உள்மண்டபத்தின் பின்சுவரில் ஏழு கருவறைகள் வரிசையாக இருக்கின்றன. இடமிருந்து வலமாகச் சேத்தி, ப்தாஹ், ரா-ஹோராக்தி, அமுன்-ரா, ஓசிரிஸ், ஐசிஸ், ஹோரஸ். ஆம், அரசரே தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் அமுன்-ரா. அன்றைக்கு நாட்டின் பெருந்தெய்வம் தேபஸ் நகரத்து அமுன், அவரை ஓரத்தில் உட்கார வைக்க முடியாது. ஊருக்குச் சொந்தக்காரரான ஓசிரிஸோ பக்கத்து அறையில் இருக்கிறார். ஆனால் மற்ற கருவறைகளின் பின்சுவரில் கல்லில் செதுக்கிய பொய்க்கதவு மட்டுமே இருக்க, ஓசிரிஸின் அறையில் உண்மையாகவே வாசல் திறந்து பின்னால் அவருக்கென்று தனியாக ஒரு மண்டபமும் அறைகளும் விரிகின்றன. மரியாதையை நடுநாயகருக்குக் கொடுத்து, வீட்டைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வழிகாட்டி எங்களை ஓசிரிஸின் கருவறைக்குள் நிறுத்தி, கையை மட்டும் பார்க்கச் சொன்னார். சேத்தியின் அறை நீங்கலாக மற்ற ஆறிலும் சுவரில் ஓடுவது ஒரே கதை: நாள்தோறும் காலையில் விக்கிரகத்துக்குச் செய்யும் பணிவிடை. கோயிலுக்கு அர்ச்சகர்கள் இருந்தார்கள், ஆனால் சுவரில் எல்லாக் காட்சியிலும் செய்பவர் அரசர்தான். அவர் பெயரில் மற்றவர்கள் செய்தார்கள் என்று கொள்ள வேண்டும். கை என்ன செய்கிறது? ஒரு இடத்தில் தாழ்ப்பாளை இழுக்கிறது. அதற்கு முன்பு கதவின் களிமண் முத்திரையை உடைத்திருக்க வேண்டும். இன்னொரு இடத்தில் நீண்ட கைப்பிடி உள்ள தூபக்கால், அதன் நுனியில் விரல் அளவு நெருப்பு. மற்றொரு இடத்தில் அரசரின் சுண்டுவிரல் மட்டும் நீண்டு தெய்வத்தின் நெற்றியைத் தொடுகிறது. தைலம் இடும் காட்சி. பிறகு பழைய ஆடையைக் களைந்து புதுத்துணி சாத்துவது, மார்பணி பூட்டுவது, தரையில் மணல் தூவுவது, நீர் தெளிப்பது. எல்லாம் முடிந்ததும் தரையைப் பெருக்கித் தன் காலடித் தடத்தை அழித்துவிட்டு, கதவைச் சாத்தி மறுபடி முத்திரை இடுவது. எந்தக் காட்சி முதலில், எது அடுத்து என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லையாம். "எனக்கும் என் பேராசிரியருக்கும்கூட ஓயவில்லை" என்றார்.

அந்தச் சுண்டுவிரலை நான் இருபது நிமிடம் வரைந்தேன். மற்ற நான்கு விரல்களும் மடங்கியிருக்கின்றன. தொடும் இடத்தில் விரல் நுனிக்கும் நெற்றிக்கும் நடுவே இடைவெளி இல்லை, ஆனால் அழுத்தமும் இல்லை. பூவைத் தொடுகிற மாதிரி. அதைக் கல்லில் எப்படிக் கொண்டுவந்தார்கள்? விரலின் அடிவிளிம்பை மட்டும் கொஞ்சம் உருட்டிவிட்டு, நெற்றிப் பக்கம் உளியைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தை. அளவு தெரிந்து தூக்கியவன் கை.

"உங்கள் நாட்டுக் கோயில் மாதிரியே இருக்கிறது, இல்லையா மேடம்?" என்று வழிகாட்டி கேட்டார். இந்தியர்கள் எல்லாரிடமும் கேட்பார் போலிருக்கிறது. என் வாய்க்கும் அபிஷேகம், வஸ்திரம், நைவேத்தியம் என்று சொற்கள் தயாராக வந்துவிட்டன, மறுப்பதற்கில்லை. ஆனால் அவரே அடுத்துச் சொன்னதில் ஒப்புமை பாதியில் நின்றுவிட்டது. இங்கே ஊர்மக்கள் யாரும் இந்த அறையைப் பார்த்ததே இல்லை. வெளிமுற்றத்தோடு சரி. திருவிழா நாளில் தெய்வம் படகு வடிவப் பல்லக்கில் வெளியே வரும், அப்போதும் அதன் மாடத்துக்குத் திரை போட்டிருக்கும். அந்தச் சுண்டுவிரலைச் செதுக்கியவனும் வேலை முடிந்த பிறகு அதை மறுபடி பார்த்திருக்க மாட்டான்.

எல்லாப் படையலுக்கும் மேலானது மாத்தைப் படைப்பது. அரசரின் உள்ளங்கையில் பொம்மை அளவுக்கு ஒரு பெண் குந்தியிருக்கிறாள், தலையில் ஒற்றை இறகு. மாத் என்றால் ஒழுங்கு, உண்மை, நேர். நாடு நேராக நடக்கிறது, பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அரசர் தெய்வத்திடம் ஒப்படைக்கும் கணக்கு அது. அபிடோஸில் இந்தப் பொம்மை பல இடத்தில் வருகிறது. தங்கை, "அக்கா, இந்தத் தெய்வம் அட்டவணையில் இல்லையே" என்றாள். மிருகத் தலை இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

வண்ணம் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசிரிஸ் பச்சை. செத்து மறுபடி முளைத்தவர் என்பதால் பயிரின் நிறம். சில இடங்களில் வண்டல் மண்ணின் கறுப்பு. அமுனின் உடம்பு நீலம். அந்த நீலத்தை மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் காரம் சேர்த்துச் சூளையில் சுட்டுச் செய்தார்கள், தோண்டி எடுத்தது இல்லை. மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் சில தூண் மறைவுகளில் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. நான் பள்ளிக்கு வாங்கிய போஸ்டர் கலர் ஒரு கோடை விடுமுறை தாங்காது.

எங்கள் வேனில் ஒருவர் 'ஹெலிகாப்டர்' பார்க்க மட்டுமே வந்திருந்தார். வெளிமண்டபத்து உத்தரம் ஒன்றில் ஹெலிகாப்டர், நீர்மூழ்கி மாதிரித் தெரியும் எழுத்துகள் இருக்கின்றன. சேத்தியின் பட்டப்பெயரைச் சாந்து பூசி மறைத்து, அதன் மேல் ராமேசஸின் பட்டப்பெயரை வெட்டினார்கள். சாந்து உதிர்ந்ததும் இரண்டு எழுத்தும் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன. வழிகாட்டி தரையில் குச்சியால் இரண்டையும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிக் காட்டினார். மனிதர் நம்பவில்லை. நம்பாதவருக்காகப் பன்னிரண்டு நிமிடம் போனது.

அரசர் பட்டியலும் இங்கேதான். 76 அரசர்களின் பெயர்கள் முட்டை வடிவக் கட்டங்களுக்குள். வரலாற்றுப் பலகை என்று நினைத்து வருபவர்கள் ஹட்செப்சுட் எங்கே, அக்னாத்தென் எங்கே, துட்டன்காமன் எங்கே என்று தேடுவார்கள். அவர்கள் இல்லை. இது முன்னோருக்குப் படையல் போடும் பட்டியல். பக்கத்திலேயே சேத்தி தூபம் காட்ட, பக்கவாட்டில் சிறுவர் குடுமி வைத்த ராமேசஸ் சுருளை ஏந்தி நிற்கிறார். யாருக்குச் சோறு வைக்க வேண்டாம் என்று குடும்பத்தில் முடிவெடுத்தார்களோ அவர்கள் பெயர் விடுபட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சேத்தி என்ற பெயருக்கே 'செத் என்ற தெய்வத்துக்கு உரியவர்' என்று பொருள். ஓசிரிஸைக் கொன்றவன் அந்தச் செத். கொன்றவனின் உருவத்தை எழுத்தாகக் கொண்ட பெயரைச் செத்தவரின் கோயிலில் எப்படி எழுதுவது? மிருக உருவத்தை எடுத்துவிட்டு ஓசிரிஸின் உருவத்தையோ ஐசிஸின் முடிச்சையோ அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். பெயரைப் படிப்பவர் புரிந்துகொள்வார், தெய்வத்துக்கும் மனம் நோகாது.

தெற்குப் பக்கத்தில் சோகர் என்ற தெய்வத்துக்கான அறையில், படுத்திருக்கும் ஓசிரிஸின் மேல் ஐசிஸ் பருந்தாகச் சிறகு விரித்து நிற்கும் காட்சி இருக்கிறது. செத்த கணவனிடமிருந்து ஹோரஸைக் கருவுறும் கணம். அங்கே மூன்று நிமிடம்தான் கிடைத்தது. கோயிலுக்குப் பின்னால் பள்ளத்தில் பெரும்பாறைத் தூண்களோடு ஓசிரிஸின் கல்லறையைப் போலவே கட்டிய ஓசிரியோன் இருக்கிறது; அதற்கு ஒரு நிமிடமும் இல்லை. வேலி ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தோம், நிலத்தடி நீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. ஏன் நேரம் இல்லை என்றால், காலையில் போன நாற்பது நிமிடம்; அதோடு இனி வரப்போகிற கடை.

கடையைப் பற்றிப் பயணத் திட்டத்தில் ஒரு சொல் கிடையாது. மதிய உணவு (கோழி, சோறு, தக்காளிக் குழம்பு, நன்றாகவே இருந்தது) முடிந்து டெண்டெராவுக்குத் திரும்ப வேண்டிய வேன் ஒரு அலபாஸ்டர் பட்டறை வாசலில் போய் நின்றது. இருவர் திண்ணையில் உட்கார்ந்து கல்லைத் தேய்த்துக் காட்டினார்கள். நாங்கள் வண்டியில் ஏறியதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதைப் பின்கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பது நிமிடம். வழிகாட்டி வெளியே நின்று சிகரெட் பிடித்தார். முகத்தில் வெட்கம் இருந்தது, அதைக் குறித்துக்கொண்டேன். தங்கை ஒரு சிலை வாங்கினாள். மாட்டுக்கொம்பும் நடுவில் சூரிய வட்டும் உள்ள பெண். "ஐசிஸ், ஐசிஸ்" என்றார் கடைக்காரர்.

டெண்டெராவுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அபிடோஸுக்கும் இதற்கும் இடையில் 1200 வருடத்துக்கு மேல். இன்று நிற்கும் கட்டடத்தைக் கி.மு. 54இல், கிளியோபாட்ராவின் தந்தை பன்னிரண்டாம் டாலமியின் காலத்தில் தொடங்கினார்கள். முன்மண்டபம் ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தது. கிரேக்க வம்சமும் ரோமரும் ஆண்டபோது, அதே பழைய தெய்வங்களுக்கு அதே பழைய முறையில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளறைகள் பலவற்றில் அரசரின் பெயர்க்கட்டம் காலியாகக் கிடக்கிறது. அரண்மனையில் யார் இருக்கிறார்கள் என்று நிச்சயமில்லாத காலத்தில், கட்டத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பெயருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஓவிய ஆசிரியை என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அபிடோஸ் பார்த்த கண்ணோடு டெண்டெரா உருவங்களைப் பார்த்தால் ஏமாற்றம்தான். கன்னம் உப்பி, வயிறு உருண்டு, தொப்புள் பள்ளமாகி, ஊறிய மாவில் பிடித்த மாதிரி இருக்கின்றன. சுவரில் ஒரு விரல் அகலம் விடாமல் எழுத்தும் உருவமும் நெருக்கியடிக்கின்றன. கோட்டின் அழகு வேண்டுமென்றால் அபிடோஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் முன்மண்டபத்துத் தூண்கள் என் பழைய பாடத்தைப் பிடித்து உலுக்கிவிட்டன. 24 தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நாலு பக்கமும் இந்தக் கோயிலின் தெய்வமான ஹாத்தோரின் முகம், முழுக்க முழுக்க நேர்முகம். முக்கோணக் கன்னம், மாட்டுக் காது, இருபுறமும் விழும் கூந்தல், அதன் மேல் ஒரு சின்ன மாடம். தூணே ஒரு சிஸ்ட்ரம். சிஸ்ட்ரம் என்பது ஹாத்தோருக்கு முன் ஆட்டும் கிலுகிலுப்பை; கைப்பிடிக்கு மேல் அவள் முகம் இருக்கும். அதாவது 24 கிலுகிலுப்பைகளை நட்டுவைத்து அதன் மேல் கூரை போட்டிருக்கிறார்கள். இசை, ஆட்டம், காதல், போதை எல்லாம் அவள் பொறுப்பு. அவள் மகன் இஹி கையிலும் ஒரு கிலுகிலுப்பை. அவள் கோபம் கொண்டால் செக்மெத்தாகி மனிதரைக் கொன்று தீர்ப்பாள் என்றும், செந்நிறம் ஏற்றிய பீரை ரத்தம் என்று நம்பவைத்துக் குடிக்கச் செய்து அடக்கினார்கள் என்றும் கதை. வருடத்துக்கு ஒருமுறை அவள் பெயரால் குடித்துக் கொண்டாடும் விழாவும் இருந்தது.

நேர்முகம் வரையத் தெரியாதவர்கள் இப்படி 24 தூணில் செதுக்க மாட்டார்கள். எல்லாரையும் பக்கவாட்டில் வைத்துவிட்டு இவளை மட்டும் நம்மைப் பார்க்க வைத்தது தெரிந்தே செய்தது. அந்த முகங்களில் பலவற்றைப் பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள் உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். கண்ணும் மூக்கும் போய்க் காது மட்டும் நிற்கிறது. பார்க்கும் முகம் என்பதால்தான் பயந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கழுத்து வலிக்கும்வரை கூரையைப் பாருங்கள். பல நூற்றாண்டுப் புகைக்கரியை அண்மைக் காலத்தில் நீக்கியிருக்கிறார்கள். அடியிலிருந்து நீலம் வந்துவிட்டது. வான்தேவதை நூட் கூரை நீளத்துக்கு உடம்பை வளைத்து, மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் பெற்றெடுக்கிறாள்.

அடுத்து நிலவறை. குனிந்து, கடைசியில் கிட்டத்தட்டத் தவழ்ந்து இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம். தங்கை மேலேயே நின்றுகொண்டாள். காவலர் கைவிளக்கு காட்டினார், அதற்குப் பக்ஷீஷ் உண்டு. அங்கேதான் 'எகிப்தியர்களின் மின்விளக்கு' என்று உலகம் முழுக்கச் சுற்றும் சிற்பம். தாமரையிலிருந்து ஒரு பாம்பு நீண்டு, அதைச் சுற்றிக் குமிழ் போல ஒரு கோடு. ஹெலிகாப்டர் மனிதர் துள்ளிக் குதித்தார். வழிகாட்டிக்கு நான் அரை மதிப்பெண் குறைத்த இடம் இதுதான்: அபிடோஸில் அவ்வளவு பொறுமையாக மறுத்தவர் இங்கே களைத்துப்போய், "அப்படியும் சொல்கிறார்கள்" என்று விட்டுவிட்டார். கையைப் பார்க்கச் சொன்னவர் அவர்தானே! குமிழைத் தாங்குவது கை முளைத்த ஒரு ஜெத் தூண். ஓசிரிஸின் முதுகெலும்பு, நிலைத்திருத்தலின் அடையாளம். பாம்பு, தாமரையிலிருந்து பிறக்கும் ஹார்சோம்டுஸ், ஹாத்தோரின் பிள்ளை. இந்த நிலவறைகள் விழாப் பொருள்களையும் விக்கிரகங்களையும் பூட்டிவைத்த பெட்டகம். அந்த உருவம் எந்த உலோகத்தில் ஆனது என்பது வரை சுற்றிலும் எழுதியிருக்கிறது. பெட்டகத்துக்குள் இருந்த பொருளின் படத்தைப் பெட்டகச் சுவரிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

மாடிக்கு இரண்டு படிக்கட்டு. மேற்கே சுழன்று ஏறுவது, கிழக்கே நேராக இறங்குவது. ஏறும் படிச்சுவரில் அர்ச்சகர்கள் கொடிக்கம்பமும் பெட்டியும் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள், இறங்கும் படியில் இறங்குகிறார்கள். புத்தாண்டு அன்று ஹாத்தோரின் விக்கிரகத்தை மேலே தூக்கிச் சென்று சூரிய ஒளியைப் படவைக்கும் ஊர்வலம் அது. படிகள் தேய்ந்து வழவழவென்று சரிந்திருக்கின்றன. நானும் அவர்கள் வரிசையில் ஏறினேன், சுவரில் நடப்பவர்களின் தோள் என் தோளுக்கு நேராக வந்துபோனது.

மாடியில் ஓசிரிஸுக்கான சிறு அறைகள். காலையில் அபிடோஸில் மூன்று நிமிடம் பார்த்த அதே பருந்து இங்கேயும் அதே உடம்பின் மேல். எகிப்திய நாட்காட்டியின் கோயாக் மாதத்தில் மண்ணும் பார்லி விதையும் கலந்து ஓசிரிஸ் வடிவ அச்சில் இட்டு, தண்ணீர் ஊற்றி முளைக்கவைக்கும் சடங்கின் விதிமுறைகள் இங்கே சுவரில் நீளமாக எழுதியிருக்கின்றன. காலையில் ஓசிரிஸ் ஏன் பச்சை என்று வாயால் சொல்லக் கேட்டோம். இங்கே அது செய்முறைக் குறிப்பாகவே நிற்கிறது. ஒரு அறைக் கூரையில் இருக்கும் வட்ட ராசிமண்டலம் வார்ப்பு நகல். மூலத்தை 1821இல் ரம்பமும் வெடிமருந்தும் வைத்துப் பெயர்த்து பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினெட்டாம் லூயி 150,000 பிராங்க் கொடுத்து வாங்கினார். இப்போது அங்கே லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோயிலின் பின்சுவரைப் பலர் கிளியோபாட்ராவுக்காகப் பார்க்கிறார்கள். அவளும் மகன் சிசேரியனும் படையல் ஏந்தி நிற்கும் பெரிய சிற்பம். நீங்கள் சுவரின் நடுவைப் பாருங்கள். கருவறைக்கு நேர் பின்னால், வெளியே, ஹாத்தோரின் பெரிய நேர்முகம், ஒரு காலத்தில் தங்கத்தகடு போர்த்தியது. உள்ளே விடப்படாதவர்கள் இங்கே வந்து வேண்டிக்கொண்டார்கள்.

போகிற வழியில் ரோமர் காலத்துப் பிறப்பு இல்லம், தெய்வக் குழந்தையின் பிறப்பைக் கொண்டாடிய சிறு கோயில். தூண்களின் மேல் பெஸ்: குள்ளன், தொங்கு தாடி, பெருத்த வயிறு, பிரசவத்துக்குக் காவல். அவனும் நேர்முகம்தான். பெரிய தெய்வங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க, ஊர்ப்பெண்கள் கூப்பிட்ட இருவர் மட்டும் வெளியே பார்க்கிறார்கள். வரைய எனக்கு நாலு நிமிடம் இருந்தது. அந்த ஐம்பது நிமிடமும் இருந்திருந்தால் தாடியாவது முடிந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: கடைக்குப் போகக் கூடாது என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அபிடோஸுக்கு இரண்டரை மணி நேரமாவது கேளுங்கள். கைவிளக்கு எடுத்துப்போங்கள். காவலர்களுக்குச் சில்லறை நோட்டு வேண்டும். முடிந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு, வழிகாட்டியை நேரடியாக அமர்த்துங்கள். எங்களுடையவர் அப்படியும் வருவாராம், நிறுவனம் காதில் விழாமல் சொன்னார்.

தங்கையின் சிலை பற்றி வேனில் திரும்பும்போது வழிகாட்டியிடம் கேட்டேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொம்பும் சூரிய வட்டும் ஆதியில் ஹாத்தோருடையவை, பிறகு ஐசிஸும் அதையே சூடிக்கொண்டாள், பெயரைப் படித்தால்தான் ஆள் தெரியும் என்றார். சிம்மாசனம் எழுதியிருந்தால் ஐசிஸ். சதுர வீட்டுக்குள் பருந்து எழுதியிருந்தால் ஹாத்தோர். சரி, கையைப் பார்ப்போம் என்றால் கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கின்றன, ஒன்றும் பிடிக்கவில்லை. அடியில் எழுதியிருந்தது கடையின் தொலைபேசி எண் மட்டும். இப்போது தங்கை வீட்டு அலமாரியில் அது ஐசிஸாக இருக்கிறது. நான் போகும் நாட்களில் அவள் அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.